அடுப்பை மூடினேனா

மூடினேன். மூடாமல் எப்படி வந்திருப்பேன். கஞ்சி வைத்தேன், ஆறவைத்தேன், சுலோச்சனாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து ஊட்டினேன், கடைவாயில் ஒழுகியதைத் துடைத்தேன், கிண்ணத்தைத் தொட்டியில் போட்டேன், அப்புறம் எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டேன். டீ போட்டேனா? போட்டேன், நாக்கில் இன்னும் துவர்ப்பு இருக்கிறது. டீ போட்டவன் அடுப்பை மூடிவிட்டுத்தானே வடிகட்டியைத் தேடுவான். வடிகட்டியைத் தேடியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் கிடந்தது, எடுத்து உதறினேன், பழைய தூள் மேடையில் விழுந்தது, அதை விரலால் ஒற்றி எடுத்தேன். இந்த உப்புச்சப்பில்லாத சங்கதியெல்லாம் துல்லியமாக நிற்கிறது, குமிழைத் திருப்பியது மட்டும் காணோம். எழுபத்து மூன்று வயதில் மண்டை வேலை செய்கிற லட்சணம் இது. தேவையில்லாததைப் பெட்டியில் வைத்துப் பூட்டும், தேவையானதைத் தெருவில் போட்டுவிட்டு வரும். நான் உட்கார்ந்திருப்பது ஈரோட்டில், ரயில்வே ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்கு எதிரே. வீடு சித்தோட்டுக்கு அந்தப் பக்கம். பஸ் கிடைத்து, பஸ்ஸிலிருந்து இறங்கி, என் நடையில் போய்ச் சேர ஒரு மணி நேரம். திரும்பி வர ஒரு மணி நேரம். ஜன்னலைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். இப்போது மணி பத்தேகால். என் டோக்கன் எண்பத்து நாலு. கம்பவுண்டர் இப்போதுதான் ஐம்பத்தொன்றைக் கூப்பிட்டார்.

மூடினேன், மூடினேன். இதோ, காதிலேயே இருக்கிறதே. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று வழக்கம் போலக் கேட்டேன், "கேஸ்?" என்றேன், "மூடியாச்சு" என்று பதில் வந்தது. "மோட்டார்?" "ஆஃப்." "பின்கதவு?" "தாழ் போட்டாச்சு." இது என் ரயில் புத்தி. முப்பத்தாறு வருஷம் எஞ்சினில் குப்பை கொட்டியவன் நான். எஞ்சினில் இரண்டு பேர். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் தானும் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். கிரீன் என்றால் கிரீன், ரெட் என்றால் ரெட். சொல்லாமல் ஒரு சிக்னலைத் தாண்டக் கூடாது. கல்யாணமான புதிதில் இதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சுலோச்சனா சிரித்தாள். "ஏனுங்க, எங்கம்மா ஊட்டுக்குத்தான போறோம், கூட்ஸையா ஓட்டிட்டுப் போறோம்?" என்பாள். சிரித்தாலும் பதில் சொல்வாள். கொல்லம்பாளையம் ரயில்வே காலனி வீட்டில், பிறகு சித்தோட்டில் கட்டிய வீட்டில், நாற்பத்தாறு வருஷம் நான் கேட்காமல் அவள் வாசல்படி இறங்கியதில்லை, அவள் சொல்லாமல் நானும் இறங்கியதில்லை. இன்று காலையும் சொன்னாள், "மூடியாச்சு" என்று அந்த இழுவையோடு. அதனால் பயமில்லை, நிம்மதியாக உட்காரலாம் என்று கால்களை நீட்டினேன். நீட்டின கால் அப்படியே நின்றுவிட்டது. சுலோச்சனா பேசிப் பதினாலு மாசம் ஆகிறது. போன வருஷம் ஐப்பசியில் குளியலறை வாசலில் விழுந்தாளே, அன்றைக்குப் போன பேச்சு. வலது கையும் காலும் போயின, வாயும் போயிற்று. காலையில் எனக்கு யார் பதில் சொன்னது?

நான்தான் சொல்லியிருப்பேன். வேறு யார். கேள்வியும் நானே, பதிலும் நானே. அல்லது வாய் திறந்தே சொல்லவில்லையோ என்னமோ, நாற்பத்தாறு வருஷத்துப் பதில்களில் ஒன்று காதுக்குள்ளிருந்து எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கும். எப்படியானாலும் பார்த்துச் சொன்னது யாருமில்லை. முதுகில் வேர்க்கிறது. மேலே காற்றாடி சுற்றுகிறது, அது சுற்றுகிற வேகத்துக்குக் கொசுகூட நகராது. பக்கத்து நாற்காலியில் கருப்பணன், தண்டவாளத்தை நடந்தே சரிபார்க்கிற கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இளையவர், சர்க்கரை மாத்திரைக்கு வந்திருக்கிறார். "என்னுங்க மாரப்பண்ணா, ஒரு மாதிரி இருக்கறீங்க? தண்ணி வேணுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு என் தண்ணீரில் அக்கறையில்லை, டிவியைப் பார்க்க ஆள் வேண்டும். சுவரில் தொங்குகிற டிவியில் நேற்றிலிருந்து அதே படம்: வடக்கே எங்கேயோ இரண்டு ரயில் மோதிக்கொண்டு, ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறி நிற்கிறது. கீழே ஓடுகிற எழுத்தில் செத்தவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. கோட்டுப் போட்ட ஒருத்தன் கத்துகிறான், டிரைவர் சிக்னலைப் பார்க்கவில்லை, டிரைவர் சிக்னலைப் பார்க்கவில்லை. டிரைவர் செத்துப்போனான். செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்பதில் இவர்களுக்கு எவ்வளவு தைரியம். "பாருங்க, புகை அடங்கறதுக்குள்ள டிரைவர் தலையில கட்டிட்டானுங்க" என்றார் கருப்பணன். "எத்தன மணி நேரமா தூக்கமில்லாம ஓட்டுனானோ, அதைய எவனாச்சும் கேக்கறானா? வேலைக்கு ஆளெடுக்கறதே இல்ல, இருக்கறவன் முதுகுலயே மூட்டையேத்தறாங்க. உங்க காலத்துல இப்படியுங்களா?" எங்கள் காலத்திலும் இப்படித்தான். அம்பத்தி மூணு, என்று கம்பவுண்டர் கூப்பிட்டார்.

சிக்னலைப் பார்க்கவில்லை என்று கத்துகிறவனே, நீ ஒரு நாள் வந்து மத்தியானம் நாலு மணிக்கு மேற்கே பார்த்து எஞ்சினில் உட்கார். வெயில் நேராகக் கண்ணில் இறங்கும். தொண்ணூற்றெட்டு, மே மாசம். சிமென்ட் ஏற்றிய கூட்ஸ், பின்னால் நாற்பது வேகன். ஸ்டேஷன் பெயர் வேண்டாம், சின்ன ஸ்டேஷன். அசிஸ்டென்டாக இன்னாசி, பொன்மலைக்காரன், நல்ல பையன், வாய் ஓயாமல் மகள் பூப்பு நீராட்டுக்குப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். வளைவு தாண்டியதும் தூரத்தில் சிக்னல் தெரிந்தது, நான் "கிரீன்" என்றேன். "கிரீன்" என்றான் இன்னாசி. அவன் பார்த்தானா? பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துச் சொன்னான். நான் பார்த்தேனா? நானும் பார்க்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. இந்த இடத்தில் எப்போதும் பச்சைதான் இருக்கும், அதனால் பச்சையைச் சொன்னேன். இது எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி. சொல்லிச் சொல்லி வாய்க்கே கண் முளைத்துவிடும், கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விடும். அங்கே எரிந்தது மஞ்சள். அடுத்த சிக்னல் சிவப்பு என்று அர்த்தம். சிவப்பைப் பார்த்தபோதும் நாங்கள் பச்சைக்கு உண்டான வேகத்திலேயே வந்துகொண்டிருந்தோம். பிரேக்கை முழுக்கப் போட்டேன். சிமென்ட் நிற்குமா, தள்ளிக்கொண்டே போகிறது. முன்னால் அதே லைனில் ஒரு பாசஞ்சர் நிற்கிறது, ஜனங்கள் இறங்கிக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறார்கள், ஒரு பொம்பளை இடுப்பில் பிள்ளையோடு குடத்தை நிமிர்த்துகிறாள். சிவப்புக்கு முப்பது அடி இருக்கும்போது நின்றது. அந்தப் பொம்பளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படித் திடீர் பிரேக் போட்டால் காரணம் எழுத வேண்டும். "எருமை குறுக்க வந்துச்சுன்னு எழுதிடலாம்ண்ணே" என்றான் இன்னாசி. எழுதினேன். எருமை. கொம்பு வளைந்த ஒரு கறுத்த எருமை, இருபத்தேழு வருஷமாக என் கூடவே இருக்கிறது. உண்மையை எழுதியிருந்தால் என்னை எஞ்சினிலிருந்து இறக்கி ஆபீசில் ஃபைல் தூக்க வைத்திருப்பார்கள். மேற்கொண்டு பதிமூன்று வருஷம் ஓட்டினேன், பேர் கெடாமல் மாலை போட்டுக்கொண்டு இறங்கினேன். இன்னாசி கொரோனாவில் போய்விட்டான். இப்போது அந்த மஞ்சள் எனக்கு மட்டும்தான் தெரியும், சுலோச்சனாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். இப்போது எதைச் சொன்னாலும் கண்ணை அசைக்காமல் கேட்டுக்கொள்கிறாள், புரிகிறதா இல்லையா என்றுதான் தெரியவில்லை. புரிகிறது என்றுதான் நினைக்கிறேன். ஊட்டும்போது இடது கையால் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்வாள், கஞ்சியில் உப்புக் குறைந்தால் நகத்தால் அழுத்துவாள். வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். பகலில் பார்த்துக்கொள்ள வருகிற ரத்தினா இன்று லீவு. வாக்காளர் பட்டியலில் அவள் பேர் விட்டுப்போயிற்றாம், அப்பன் பேர், அம்மா பேர், எந்தக் காலத்துப் பட்டியலில் யார் இருந்தார்கள் என்று பாரம் நிரப்ப வேண்டுமாம், பள்ளிக்கூடத்தில் போய் வரிசையில் நிற்கிறாள். "நா உசுரோட இருக்கறேன்னு நானே போயிச் சொல்லோணுமாமுங்க" என்று நேற்றுச் சிரித்தாள். இந்த நாட்டில் பாதிப் பேர் நாங்கள் இருக்கிறோம் என்று காட்டுவதற்கே வரிசையில் நின்று செத்துப்போவார்கள் போல. ரத்தினா வராத நாளில் நான் கிளம்பியிருக்கக் கூடாதுதான். ஆனால் வலிப்பு மாத்திரை நேற்று ராத்திரியோடு தீர்ந்துபோனது. காலை வேளை ஏற்கனவே தவறிவிட்டது. கார்த்திகையில் இரண்டு வேளை தவறி, அவள் வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்தவன் நான். பல்லுக்கு நடுவே துணியைத் திணிக்கத் தெரியாமல் என் விரலைக் கொடுத்தேன், தழும்பு இருக்கிறது. வெளிக்கடையில் வாங்கலாம் என்றால் போன முறை வேறு கம்பெனி மாத்திரை கொடுத்து மூன்று நாள் வாந்தி. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வந்து வாங்கியிருக்க வேண்டும். மறந்துபோனேன். இதோ, இதையும்தான் மறந்துபோனேன். எழுந்து போனால் மாத்திரை இல்லை, உட்கார்ந்தால் அடுப்பு. டீச்சட்டி இந்நேரம் காய்ந்து சிவந்திருக்கும். அல்லது டீ பொங்கி அடுப்பை அணைத்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அவள் கட்டில் ஹாலில், சமையலறைக்கு நேர் எதிரே. அவளால் எழுந்திருக்க முடியாது, கத்தவும் முடியாது, மூக்கு மட்டும் வேலை செய்யும்.

போன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டு ஷகீலா நைட்டி தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள், எப்போதும் வீட்டில்தான் இருப்பாள், என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. "ஷகீலா, ஒரு எட்டுப் போய் அடுப்பைப் பாரம்மா" என்றால் ஒரு நிமிஷ வேலை. கூப்பிடாமல் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேனே, எனக்கு என்ன கேடு? கேடு என்னவென்று எனக்குத் தெரியும். புரட்டாசியில் ஒரு பால் சட்டி கருகியது. அது யாருக்கும் தெரியாது, தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன், கொலைகாரன் மாதிரி. போன மாசம் குக்கர். நான் மாடியில் துணி எடுக்கப் போனவன் அங்கேயே நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஷகீலாதான் நாற்றம் கண்டு கதவைத் திறந்து ஓடினாள், அவள்தான் என் மகளுக்குப் போன் போட்டாள். தேன்மொழி ஒசூரிலிருந்து அன்றைக்கே வந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சுலோச்சனாவின் தலையை வாரிக்கொண்டே சொன்னாள், "இன்னொரு தடவை இப்படி நடந்தா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிருவேன்ப்பா. ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம், பகலுக்கு நர்ஸ் வெச்சுக்கலாம்." அப்போது நான் எங்கே என்று கேட்டேன். ஒசூர் வீட்டில் அவள் மாமனார் மாமியார் ஒரு அறையில், இவர்கள் ஒரு அறையில், பேரன் ஹாலில் படிக்கிறான். "உங்களுக்கு பக்கத்துல ஒரு நல்ல இடம் பாக்கலாம்ப்பா, வாரா வாரம் வந்து அம்மாவப் பாத்துக்கலாம்" என்றாள். இடம் என்றால் என்ன இடம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் போன் போடவில்லை. போட்டால் சுலோச்சனா போய்விடுவாள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை இதுதான்: அவள் வெந்து போவாளோ என்ற பயத்துக்கும் அவளைப் பறித்துக்கொண்டு போவார்களோ என்ற பயத்துக்கும் நடுவில் நான் அரை மணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி மனுஷனை நான் வெளியே எங்காவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று ஆளைக் காணோம், அறுபத்து நாலு. வேகமாகத்தான் போகிறது, பதினொன்றரைக்கு வாங்கிவிடலாம், பன்னிரண்டரைக்கு வீடு. ஒன்றும் ஆகியிருக்காது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்றால் எனக்கு இந்தக் குழப்பமே வராது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் பரிசோதனை, கண்ணுக்குத் தனி, காதுக்குத் தனி, வர்ணப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடி, இருட்டறையில் சின்ன வெளிச்சத்தின் நிறம் சொல். தேறினால் எஞ்சின், தவறினால் இறக்கிவிடுவார்கள். எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் இறக்கிவிடுவார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க எல்லா டிரைவரும் கேரட் தின்பார்கள், சாமி கும்பிடுவார்கள். வயசாளிகளுக்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. நீ இனிமேல் லாயக்கில்லை, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கு என்று சொல்ல ஆளில்லை. நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமாம், கெட்டுப்போன மண்டையை வைத்துக்கொண்டே மண்டை கெட்டுப்போனதைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். டிவியில் இப்போது வேறு ஒருத்தன், அந்த டிரைவருக்குக் குடும்பத்தில் சண்டையாம், குடிப்பானாம். அவன் பெண்டாட்டியைக் காட்டினார்கள். சின்னப் பெண், மைக்கை முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள், அவள் வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை, திறந்த வாய் அப்படியே நிற்கிறது. அந்த வாயைப் பார்த்தேன். சுலோச்சனாவின் வாய் அப்படித்தான் இருக்கும், நெருப்பு வந்தால் அப்படித்தான் திறக்கும், சத்தம் வராது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "எங்கீங்க?" என்றார் கருப்பணன். "ஒரு போன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து ஷகீலாவின் பேரைத் தேடினேன், விரல் இரண்டு முறை தப்பான பேரில் விழுந்தது.

"சொல்லுங்கண்ணா" என்றாள். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அடுப்பை மூடினனான்னு சந்தேகமா இருக்கும்மா, கொஞ்சம் ஓடிப் பாரு, ஸ்விட்ச் எதையும் போடாத" என்றேன். மெஷின் நின்றது. செருப்புச் சத்தம் கேட்டது, மூச்சு இரைந்தது, கேட் கிறீச்சிட்டது. நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். சாவி போடுகிற சத்தம் வர வேண்டும், வரவில்லை. "அய்யோ" என்றாள். அந்த அய்யோவில் நான் செத்துப் பிழைத்தேன். அப்புறம் "சீ, போ! போ வெளிய!" என்று யாரையோ விரட்டினாள், ஏதோ பாத்திரம் உருண்டது, அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், அடித்தொண்டையிலிருந்து வருகிற ஊளை மாதிரி ஒன்று, விட்டு விட்டு வந்தது. அது என்ன சத்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. "அக்கா, அக்கா, நாந்தானுங்க, ஷகீலா, ஒண்ணுமில்ல, போயிருச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. பதினாலு மாசம் கழித்துச் சுலோச்சனாவின் குரலைக் கேட்கிறேன். போனில் கேட்கிறேன். "ஷகீலா, அடுப்பு, அடுப்பு" என்று நான் கத்துகிறேன், வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "அடுப்பெல்லாம் மூடித்தானுங்க இருக்குது. ரெகுலேட்டரும் மூடியிருக்குது. கதவுதானுங்கண்ணா... முன்கதவு விரியத் தெறந்து கெடக்குது. பூட்டு சாவியோட நாதாங்கியிலயே தொங்குது. நாய் உள்ள வந்துருச்சு, அக்கா கட்டில் மேலயே ஏறி, கஞ்சி சிந்தின துண்ட இழுத்திருக்குது. கடிக்கலீங்க, பாத்துட்டேன், ஒரு கீறலும் இல்ல. அக்கா பயந்துபோயி நனைச்சுக்கிச்சு, நா மாத்தி உட்டர்றேன்." கதவு. நான் கதவைப் பற்றி நினைக்கவே இல்லை. இந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஷகீலா குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, நா தேனுகிட்ட எதும் சொல்லலீங்க. போன தடவ நா சொன்னதுல நீங்க சங்கடப்பட்டீங்கன்னு தெரியும். நாய் பின்கதவ முட்டித் தள்ளிட்டு வந்துருச்சுன்னு வெச்சுக்கலாம். நீங்க பதறாம மாத்திர வாங்கிட்டு வாங்க, நா அக்கா பக்கத்துலயே இருக்கறேன்." நல்ல மனுஷி. என்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறாள். எவ்வளவு சுலபமாக இருக்கிறது, ஒரு நாயை எழுதிவிட்டால் போதும். "சரிம்மா" என்று நாக்கு நுனி வரை வந்தது. போனில் இன்னும் அந்த ஊளை மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அவளுக்கு அடங்கவில்லை. கட்டிலில் ஏறிய நாயைத் தள்ள ஒரு கை, அதுவும் இடது கை. எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினாளோ. நான் இங்கே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம்மா" என்றேன், "நானே சொல்லிக்கறேன்." போனை வைத்த கையோடு தேன்மொழியைக் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தால் கூப்பிட மாட்டேன் என்று தெரியும். ஆபீசில் இருந்தாள், "என்னப்பா, அம்மாவுக்கு எதாச்சும்?" என்றாள். "அம்மா நல்லா இருக்கறா. எனக்குத்தான் முடியல. கதவைத் தெறந்து போட்டுட்டு டவுனுக்கு வந்துட்டேன், ஊட்டுக்குள்ள நாய் பூந்துருச்சு, அம்மா கட்டில்ல ஏறிருச்சு. புரட்டாசில ஒரு சட்டி கருகுச்சு, அதையும் உன்கிட்டச் சொல்லல. நேத்தோட மாத்திர தீந்துபோச்சு, அதும் என் தப்புத்தான். இனிமே என்னை நம்பி அவள விடாத கண்ணு. வந்து கூட்டிட்டுப் போ." அவள் அழுவாள் என்று நினைத்தேன். சண்டை போடுவாள், அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா, வேறு ஏதாவது ஏற்பாடு பண்ணலாம் என்பாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. "சரிப்பா" என்றாள். "சனிக்கிழம வண்டி எடுத்துட்டு வர்றோம். அம்மாவோட துணி மட்டும் எடுத்து வைங்க, கட்டில் இங்க வாங்கியாச்சு." கட்டில் வாங்கியாச்சா. எப்போது வாங்கினாள்?

திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். கருப்பணன் மருந்தை வாங்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "எண்பதுக்குக் கிட்ட வந்துருச்சுங்க, ஜன்னலுக்குப் பக்கத்துல போயி நின்னுக்குங்க. ஊட்ல அக்காளக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். இன்று செவ்வாய். புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள் முழுசாக இருக்கிறது, சனிக்கிழமை காலை வேளையும் சேர்த்தால் இன்னும் ஒரு தடவை ஊட்டலாம். என் கட்டைவிரல் இல்லாமல் அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று தேன்மொழியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அதைச் சொல்லவா, வேண்டாமா? சொன்னால் அவள் தன் விரலை நீட்டுவாள், சுலோச்சனா இரண்டு நாள் பட்டினி கிடப்பாள், மூன்றாம் நாள் பிடித்துக்கொள்வாள். பிடித்துக்கொள்ளட்டும். பிடித்துக்கொள்ளாமல் போனால் அதுதான் மோசம். இந்தக் கூட்டத்தில் அழுதால் பிரஷரைப் பார்க்க உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். "எண்பத்தி நாலு" என்றார் கம்பவுண்டர். சீட்டை நீட்டினேன். அட்டை அட்டையாக எண்ணிப் போட்டு என் பக்கம் தள்ளினார். "ஒரு மாசத்துக்கு இருக்குதுங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, உங்களுக்குத்தான் தெரியுமே." போகத் திரும்பியவன் மறுபடியும் ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியுமுங்க" என்றேன். "இருந்தாலும் கவர் மேல பெருசா எழுதிக் குடுத்துருங்க. சனிக்கெழமையிலிருந்து வேற ஆள் குடுக்கப் போறாங்க." கம்பவுண்டர் பேனாவைத் தேடி எடுத்து, எழுதலானார்.